ட்ரவன் வடக்கு முகடு: முதல் ஸ்க்ராம்பிள்

காபெல் கிரிக் ஊரிலிருந்து பாங்கர் நோக்கி ஏ5 சாலையில் வந்தால், ஓக்வென் ஏரி தொடங்கும் இடத்தில் இடது பக்கம் ஒரு மலை சாலையோரத்திலேயே காலூன்றி நிற்கும். அடிவாரக் காடு, மெல்ல ஏறும் புல்வெளி என்று எதுவும் கிடையாது. சாலை, ஒரு கல்சுவர், அதற்கப்பால் பாறை. அதுதான் ட்ரவன். முன்பு ஸ்னோடோனியா என்று அறியப்பட்ட எரரி தேசியப் பூங்காவில், வடக்கு வேல்ஸில் இருக்கிறது. உயரம் 917.5 மீட்டர். வேல்ஸில் 3000 அடியைத் தாண்டும் பதினைந்து சிகரங்களில் இதுதான் கடைசி. 2010இல் கருவி வைத்துத் துல்லியமாக அளந்தபோது அந்தக் கோட்டை மூன்று மீட்டர் வித்தியாசத்தில் தாண்டித் தப்பித்தது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாலையிலிருந்து உச்சிக்கு 600 மீட்டர் ஏற்றம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி கையையும் பயன்படுத்தி ஏற வேண்டிய பாறை. நடைக்கும் பாறையேற்றத்துக்கும் இடைப்பட்ட இந்த ஏற்றத்துக்குத்தான் ஸ்க்ராம்பிள் என்று பெயர். பிரிட்டனில் இதை 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். முதல் தரத்தில், மலைநடையில் பழகிய ஒருவர் கயிறு இல்லாமலே போகலாம். மூன்றாம் தரம் கிட்டத்தட்ட பாறையேற்றம். கயிறு கட்டாமல் போவது பெரும்பாலானவர்களுக்கு விவேகமில்லை. ட்ரவனின் வடக்கு முகடு முதல் தரம்.

அதே தரத்தில் பக்கத்திலேயே வேறு முகடுகளும் உண்டு. யர் வித்வா மலையின் கிரிப் கோக் அவற்றில் மிகப் புகழ்பெற்றது. ஆனாலும் புதிய மாணவர்களுக்கு நான் ட்ரவனைத்தான் முதலில் சொல்வேன். கிரிப் கோக்கில் கத்தி விளிம்பு மாதிரி ஒரே ஒரு கோடுதான். இருபுறமும் வெறும் வெளி. பயத்தை அடக்கி நடக்கத் தெரிந்தால் போதும், வழி தேட வேண்டியதில்லை. ட்ரவனில் முகடு அகலமானது. எங்கும் தெளிவான பாதை கிடையாது. பத்தடிக்கு ஒருமுறை மூன்று வழி தெரியும். ஒன்று சுலபமாக மேலே போகும், ஒன்று கொஞ்சம் கடினமாக மேலே போகும், மூன்றாவது எங்கோ ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் கொண்டுபோய் விட்டுவிடும். எது எது என்று பார்த்துச் சொல்லப் பழகுவதுதான் இங்கே பாடம்.

மலையேற்றப் பயிற்சிக்கு இந்தச் சுற்றுவட்டாரம் பழைய இடம். 1953 எவரெஸ்ட் குழு புறப்படுவதற்கு முன் சில மைல் தள்ளி பென்-அ-குரிட் விடுதியில் தங்கி, இந்த மலைகளில்தான் ஆக்ஸிஜன் கருவிகளைப் பழகிப் பார்த்தது. அந்தக் குழு எவரெஸ்டை வென்றதற்கு மறு ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டு, டென்சிங் நோர்கே அதன் களப்பயிற்சி இயக்குநர் ஆனார். 1955இல் காபெல் கிரிக்கிலும் பயிற்சி மையம் வந்தது. இன்று அது ப்ளாஸ் அ ப்ரெனின் என்ற தேசிய மையம். பிரிட்டனில் உள்ள தமிழ் வாசகர்கள் அங்கே ஸ்க்ராம்பிளிங் வகுப்பில் சேரலாம். தனியாக வழிகாட்டியை அமர்த்துவதானால், மலையேற்றம் மற்றும் பாறையேற்றப் பயிற்றுநர் தகுதி உள்ளவரா என்று கேளுங்கள். மலைநடைத் தலைவர் என்ற தகுதியும் நல்ல தகுதிதான். ஆனால் திட்டமிட்டே கயிறு கட்டி மாணவர்களைப் பாறையில் ஏற்றும் வேலை அதில் அடங்காது.

முதல் நாள்

ஏறுவதற்கு முந்தின மாலை ட்ரவன் ஃபாக் என்ற சாய்ந்த பாறைத் தளத்துக்குப் போங்கள். 'ஃபாக்' என்பதை 'வாக்' என்று உச்சரித்தால் உள்ளூர்க்காரருக்குப் புரியும். க்வெர்ன் கோவ் உக்காவ் பண்ணையின் கூடாரத் திடலுக்கு மேலே, மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அதன் கீழ்விளிம்பில் ஆளுயரத்துக்கு மேல் போகாமல், குறுக்காகவும் மேலும் கீழுமாகவும் நகர்ந்து பழகுங்கள். மூன்று விஷயம் உடம்பில் ஏற வேண்டும்.

இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகரலாம். இது எல்லாப் புத்தகத்திலும் இருப்பது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, எடையைக் காலில் வைப்பது. புதியவர்கள் கையால் தொங்குவார்கள். பயம் வந்ததும் வயிறு பாறையில் ஒட்டிக்கொள்ளும். உடனே கால் வழுக்கும். உடலைப் பாறையிலிருந்து சற்றுத் தள்ளி நிமிர்த்தினால் எடை நேராகக் குதிகாலுக்கு இறங்கி, பூட்ஸின் அடி பாறையைப் பிடிக்கும். கை சமநிலைக்கு மட்டும்.

மூன்றாவது, இறங்குவது. மூன்று மீட்டர் ஏறுங்கள். பாறையைப் பார்த்தபடி அதே வழியில் இறங்குங்கள். ஏறும்போது கண்ணுக்கு எதிரே இருந்த பிடி இறங்கும்போது காலுக்கடியில் மறைந்திருக்கும். பத்துத் தடவை செய்தால் கால் தானாகத் தேடிக்கொள்ளும். நாளை முகட்டில் ஒவ்வொரு படியிலும் உங்களையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் ஏறினால் என்னால் திரும்ப இறங்க முடியுமா? முடியும் என்றால் ஏறலாம். சந்தேகம் என்றால் வேறு வழி பாருங்கள். இந்தக் கேள்வியை மறந்தவர்கள்தான் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் பாறை நடுவில் மாட்டிக்கொண்டு மீட்புக் குழுவைக் கூப்பிடுகிறார்கள்.

நாளும் வானிலையும்

மே முதல் செப்டம்பர் வரை, பாறை காய்ந்திருக்கும் நாள். இந்த மலை பழைய எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகிய பாறை. இயல்பில் சொரசொரப்பு, காய்ந்திருந்தால் பூட்ஸ் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் ஏறியதால் முக்கியமான பிடிகள் கோயில் வாசற்படி போல வழவழத்துவிட்டன. மழையில் அவற்றில் காலை நம்பிவைக்க முடியாது. பாசி படிந்த பாறையும் அப்படித்தான். வானிலை அலுவலகத்தின் மலைப்பகுதி முன்னறிவிப்பையும், மலை வானிலைத் தகவல் சேவையின் முன்னறிவிப்பையும் முந்தின இரவே பாருங்கள். ஊருக்குச் சொல்லும் வானிலை உச்சிக்குப் பொருந்தாது. மழையைவிடக் காற்றைத்தான் நான் கவனிப்பேன். உச்சியில் மணிக்கு 30 மைலுக்கு மேல் என்றால் புதியவர்களோடு இங்கே வரமாட்டேன். பனியோ உறைபனியோ இருந்தால் இது ஸ்க்ராம்பிளே அல்ல. பனிக்கோடரியும், பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்களான கிராம்பானும் கேட்கும் குளிர்கால ஏற்றம். அதற்கு வேறு வகுப்பு இருக்கிறது.

சுற்று முழுவதும் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் மாணவர் குழுவுக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். இலையுதிர்காலத்தில் வெளிச்சத்தைக் கணக்கிட்டே கிளம்ப வேண்டும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். கோடையிலும் நெற்றிவிளக்கு பையில் இருக்கட்டும்.

மற்ற சாமான்கள் கொஞ்சம்தான். அடி விறைப்பான பூட்ஸ், ஹெல்மெட், மழைச்சட்டை, கோடையானாலும் ஒரு தொப்பியும் கையுறையும், விசில், தண்ணீர், சாப்பாடு. வரைபடம் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 17, அளவு 1:25,000. போனில் வரைபடம் வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் குளிரில் பேட்டரி இறங்கும். தவிரவும், இந்த முகட்டில் எந்த வரைபடமும் அடுத்த பத்து மீட்டரில் எங்கே கால் வைப்பது என்று சொல்லாது. பையை இறுக்கிக் கட்டுங்கள். வெளியே தொங்கும் பாட்டிலும் சுருட்டிய பாயும் குறுகிய பிளவுகளில் சிக்கி உங்களைப் பின்னுக்கு இழுக்கும். கயிறு எடுப்பதா? பயன்படுத்தத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் 30 மீட்டர் போதும். தெரியாதவர் கையில் அது சுமை மட்டுமல்ல, ஆபத்தான தைரியமும்கூட.

ஏற்றம்

ஏ5 சாலையில் மைல்ஸ்டோன் பட்ரஸ் என்ற பெரிய பாறை முகப்புக்கு நேர் கீழே வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. பொறியாளர் டெல்ஃபோர்டு போட்ட பழைய சாலையின் பத்தாவது மைல்கல் அருகில் இருப்பதால் அந்தப் பெயர். விடுமுறை நாளில் விடிந்ததும் நிறைந்துவிடும். பஸ்ஸில் வருவது நிம்மதி. சுவரையொட்டி மேலே போகும் படிப்பாதையில் பட்ரஸின் அடிவரை செல்லுங்கள். கயிறும் சேணமும் மாட்டியவர்கள் நேராகப் போவார்கள். அவர்கள் பாறையேறுகிறவர்கள், பின்னால் போகாதீர்கள். நீங்கள் இடது பக்கம் திரும்பி, கற்களும் ஹெதர் புதரும் கலந்த சரிவில் ஏறி முகட்டின் தோளுக்கு வர வேண்டும். மூச்சு வாங்கும் பகுதி இதுதான்.

தோளில் முதல் பொறி. இங்கிருந்து இடது பக்கமாக, அழகாகத் தேய்ந்த ஒரு பாதை கிழக்கு முகத்தின் குறுக்கே போகும். முகட்டில் ஏறுவதைவிடச் சுகமாகத் தெரியும், அதனால் கால் தானாக அதில் போய்விடும். அது ஹெதர் டெரஸ். கிழக்கு முகத்தில் பாறையேறுகிறவர்கள் தங்கள் வழிகளின் அடிக்குப் போகப் பயன்படுத்தும் தளம். அதில் போனால் முகடு உங்கள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போகும், நீங்கள் கீழேயே இருப்பீர்கள். நன்றாகத் தேய்ந்த பாதை என்பது பலர் போனதற்கு மட்டுமே சாட்சி. அவர்கள் உங்கள் இடத்துக்குத்தான் போனார்கள் என்பதற்கு அல்ல. தோளில் நின்று மேலே பாருங்கள், முகட்டின் நடுக்கோட்டை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், அதை நோக்கி ஏறுங்கள்.

இனி பாறை. குட்டையான சுவர், ஒரு தட்டு, மறுபடியும் சுவர் என்று போகும். ஒவ்வொரு தட்டிலும் நின்று, அடுத்த தட்டுவரை கண்ணால் ஏறிப் பாருங்கள். நெருங்கிப் போனால் பாறை பெரிதாகி வழி மறைந்துவிடும். நாலடி பின்னால் நின்றால் தெரியும். என்ன தேடுவது? மற்றப் பாறை சாம்பலாகவும் பாசியோடும் இருக்க, கால் பட்டுத் தேய்ந்த பாறை வெளுத்துப் பளபளக்கும். குளிர்காலத்தில் ஏறியவர்களின் கிராம்பான் கீறல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். தட்டுகளில் மண் மிதிபட்டுப் புல் இல்லாமல் இருக்கும். இந்த மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அது பெரும்பாலும் சரி. புல்லும் ஹெதரும் கலையாமல் இருக்கும் தட்டில் நிற்கிறீர்கள் என்றால் வழியிலிருந்து விலகிவிட்டீர்கள்.

பார்ப்பதும் காண்பதும் வேறு என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு சாட்சி உண்டு. மேற்கே தெரியும் க்வும் இட்வல் பள்ளத்துக்கு 1831இல் இளைஞர் சார்ல்ஸ் டார்வின் வந்து, பாறைகளில் தொல்லுயிர் எச்சங்களைத் தேடினார். பனியாறு உரசிய கோடுகளும் அது விட்டுப்போன கற்குவியலும் சுற்றிலும் கிடந்தன; ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. 1842இல் மறுபடி வந்தபோது எல்லாம் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் பனியாறுகளைப் பற்றிய கருத்து பரவியிருந்தது. எதைத் தேடுவது என்று தெரிந்து வந்தார். மாணவர்களுக்கும் முதல் அரைமணி நேரம் பாறை வெறும் பாறைதான். பிறகுதான் தேய்மானம் தெரிய ஆரம்பிக்கும்.

முகட்டின் வலது ஓரத்தில், வானத்தை நோக்கிச் சாய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீளக் கல் வரும். பீரங்கி என்பார்கள், கீழே ஏரிக்கரைச் சாலையிலிருந்தே தெரியும். எல்லோரும் அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காற்று இல்லாவிட்டால் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் அதன் பயன் வேறு: நீங்கள் முகட்டில் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள் என்பதை உறுதி செய்கிற அடையாளம். இங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், குழுவைப் பாருங்கள். இதுவரை வந்தது யாருக்காவது அதிகமாகப்பட்டால் திரும்புவதற்கு இதுதான் நல்ல இடம். இதற்குமேல் திரும்புவது போவதைவிடக் கடினமாகிக்கொண்டே போகும்.

பீரங்கிக்கு மேல் சற்றுச் சமதளம், பிறகு மறுபடி செங்குத்து. இங்கே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உள்ள சுவர் கடினமாகத் தெரிந்தால் பக்கவாட்டில் சுற்றிப் போகலாம். ஆனால் சுற்றியதும் முகட்டின் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இடது பக்கம் நீண்ட தூரம் விலகினால் கிழக்கு முகத்தின் செங்குத்துப் பாறைகளின் விளிம்புக்கு வருவீர்கள். வலது பக்கம் விலகினால் உடைந்த கற்களும் பிளவுகளும் நிறைந்த சரிவு. இரண்டிலும் தொடக்கம் சுலபம், முடிவுதான் மோசம். முதல் தரம் என்று சொன்ன முகட்டில் கை நடுங்கும் அளவு கடினமான இடம் வந்தால், மலை மாறிவிடவில்லை, நீங்கள்தான் வழியைவிட்டு வந்திருக்கிறீர்கள். பிடிவாதம் வேண்டாம், கடைசியாக நிம்மதியாக நின்ற தட்டுக்கு இறங்கி, மறுபடியும் பாருங்கள். எந்த மாணவர் கேட்காமலே அப்படித் திரும்பி இறங்குகிறாரோ அவரைப் பற்றி எனக்குக் கவலை போய்விடும்.

உச்சிக்குச் சற்று முன் வடக்குக் கோபுரம் என்ற பெரிய பாறைத்தொகுதி மறிக்கும். நேராக ஏறுவது முதல் தரத்தைத் தாண்டியது; சுற்றிப் போங்கள். இந்தப் பகுதியில் முகட்டை வெட்டியது போல ஓர் ஆழமான பிளவுப்பள்ளமும் உண்டு. அதற்குள் பாறையைப் பார்த்தபடி இறங்கி எதிர்ப்பக்கம் ஏற வேண்டும். இறங்கிப் பழகிய மாலைப் பயிற்சி இங்கேதான் கைகொடுக்கும். ஒருவர் கடக்கும்வரை அடுத்தவர் காத்திருக்கட்டும்.

கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிடிக்கும் முன் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள்; உள்ளே காலியாக ஒலித்தால் நம்பாதீர்கள். நம்பித்தான் ஆக வேண்டுமென்றால் கீழ்நோக்கி அழுத்துங்கள், வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் ஏறக்கூடாது. கல் உருண்டால், கைக்கல் அளவே ஆனாலும், 'பிலோ!' என்று உரக்கக் கத்துங்கள். இங்கே மலையில் எல்லோரும் அறிந்த எச்சரிக்கை அதுதான். பதற்றத்தில் தாய்மொழிதான் வாயில் வரும். 'ஐயோ கல்லு!' என்றால் உங்கள் குழு விலகும், கீழே வரும் வேல்ஸ்காரர் அண்ணாந்து பார்ப்பார். கத்தல் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் தலையைப் பாறையோடு ஒட்டுங்கள்.

உச்சியும் இறக்கமும்

உச்சியில் ஆளைவிட உயரமான இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. ஆதாம், ஏவாள் என்று பெயர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் ட்ரவனின் 'சுதந்திரம்' கிடைக்கும் என்பது வழக்கம். இடைவெளி ஓரெட்டுதான், ஆனால் தூணின் தலை வழவழப்பு, ஒரு பக்கம் கிழக்கு முகத்தின் பள்ளம். நான் யாரையும் தாவச் சொல்வதில்லை. ஏறிக் களைத்த காலோடு இன்னும் பாதி வேலை மிச்சமிருக்கும்போது கணுக்காலைப் பணயம் வைப்பதில் எனக்கு ஒரு சுவாரசியமும் தெரியவில்லை.

பாதி வேலை என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரவனில் இறங்கும்போது வழி தவறுவதுதான் பெரிய பிரச்சினை. உச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் சாலையும் நிறுத்திய வண்டியும் நேர் கீழே தெரியும். குறுக்கு வழியாக இறங்கிவிடலாம் என்று தோன்றும். அந்தச் சரிவின் பிளவுகள் மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே போகப்போகச் செங்குத்தாகிவிடும். அதில் இறங்காதீர்கள்.

தெற்கு நோக்கித்தான் இறங்க வேண்டும். மூடுபனியில் திசைகாட்டியைப் பார்த்தே கிளம்புங்கள். உச்சியில் நாலு திசையும் ஒரே மாதிரிக் கற்குவியல்தான். தெற்கு முகட்டில், நடுக்கோட்டுக்குச் சற்று மேற்கே ஒதுங்கி இறங்கினால் சுலபம். இதிலும் கை தேவைப்படும் இடங்கள் உண்டு. முடிவில் ட்ரவன் கணவாய், குறுக்கே ஒரு கல்சுவர். எதிரே க்ளிடர் ஃபாக் மலைக்கு ஏறும் ப்ரிஸ்ட்லி ரிட்ஜ் முள்முள்ளாக நிற்கும். அதுவும் முதல் தரம்தான் என்று புத்தகம் சொல்லும். ட்ரவனைவிடக் கடினம், பக்கத்தில் வெறும் பள்ளமாக இருக்கும் இடங்களும் அதிகம். ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துச் செய்யும் குழுக்கள் உண்டு. உங்கள் மாணவர்கள் கணவாய்க்கு வந்து சேரும்போது பேச்சு குறைந்திருந்தால் அவர்களுக்கு அன்றைக்குப் போதும்.

கணவாயிலிருந்து வலது பக்கம், மேற்கே, போக்லுய்ட் ஏரிக்கு இறங்கும் பாதை தெளிவானது. ஏரியைவிட்டு வழியும் ஓடையை ஒட்டியே ஓக்வென் காட்டேஜ் வரை போகலாம். வண்டி நிறுத்திய இடத்துக்கு அங்கிருந்து சாலையோரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணவாயின் இடது பக்கப் பாதை க்வும் ட்ரவன் பள்ளம் வழியாகக் கூடாரத் திடலுக்கு இறங்கும். அங்கே தங்கியிருந்தால் அந்த வழி.

யாருக்காவது அடிபட்டால் 999 அல்லது 112. முதலில் போலீஸைக் கேளுங்கள், பிறகு மலைமீட்பு. வருபவர்கள் ஓக்வென் பள்ளத்தாக்கு மலைமீட்புக் குழுவினர். 1965 முதல் இயங்கும் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. பேச சிக்னல் இல்லாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடக்கூடும். குறுஞ்செய்தியில் உதவி கேட்கும் சேவைக்கு 999க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்பி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். வீட்டிலேயே செய்துவிடுங்கள். போனே வேலை செய்யவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

கிளம்பும் முன் எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள். சாலைக்கு வந்ததும், பூட்ஸைக் கழற்றும் முன், இறங்கிவிட்டோம் என்று அவருக்குச் செய்தி அனுப்புங்கள்.